டெராஃப்ளாப் கணக்கும் கன்சோல் சண்டையும்

உங்கள் கேள்வியில் இரண்டு பாதி இருக்கிறது. "வீடியோ கேம் விஷயத்தில் ஊரே எதிர்க்கிற கருத்து ஏதாவது உங்களுக்கு உண்டா?" என்பது முதல் பாதி. "12 டெராஃப்ளாப் உள்ள எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்தான் பலசாலி என்று நண்பர்கள் சண்டை போடுகிறார்கள், அப்படியானால் 10.28 மட்டுமே உள்ள பிளேஸ்டேஷன் 5 ஏன் அதிகம் விற்கிறது?" என்பது மறு பாதி. முதலாவதைப் பேச்சுக்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டாவதுக்குப் பின்னால் ஒரு கவலை இருக்கிறது: அரை லட்சம் ரூபாய் செலவழித்துப் பலம் குறைந்த பெட்டியை வாங்கிவிடுவோமோ என்பது. இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான். கன்சோல், அதாவது கேம் விளையாடும் பெட்டி, வாங்கும்போது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம் அதன் சக்தி. கேம் ரசிகர்கள் கூடும் எந்த இடத்திலும் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன்.

நான் பல வருடங்களாகச் செய்வது போர்ட்டிங். ஒரு மெஷினுக்காக எழுதிய கேமை இன்னொரு மெஷினில் ஓட வைக்கும் வேலை. கேமை உருவாக்கியவருக்குப் பேர், ஓட வைத்தவருக்குத் திட்டு என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். எந்த மெஷினில் எந்த இடம் உதைக்கும் என்று நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம். எது ஏன் விற்றது என்பது சந்தை விவகாரம். அதைப் பற்றி நான் சொல்வதில் ஊகமும் கலந்திருக்கும், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். சிப் ஒரு நொடியில் எத்தனை லட்சம் கோடி கணக்குகள் போடலாம் என்பதுதான் டெராஃப்ளாப். அது கேமை ஓடவிட்டு அளந்து எடுத்த எண் இல்லை, பெருக்கி எடுத்த எண். கிராபிக்ஸ் சிப்பில் எத்தனை யூனிட், ஒவ்வொன்றிலும் 64 கணக்குப் பாதைகள், ஒரு துடிப்புக்கு ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலுமாக 2 கணக்குகள், நொடிக்கு எத்தனை துடிப்புகள். இவ்வளவையும் பெருக்கினால் வருவது அது. பிளேஸ்டேஷன் 5-இல் 36 யூனிட்டுகள் அதிகபட்சம் 2.23 கிகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 223 கோடி துடிப்புகளில், ஓடுகின்றன. பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு 10.28 லட்சம் கோடி கணக்குகள். சீரிஸ் எக்ஸில் 52 யூனிட்டுகள் 1.825 கிகாஹெர்ட்ஸில், 12.15 வரும். எல்லா யூனிட்டுக்கும் எல்லா நேரமும் வேலை இருந்தால்தான் இந்த எண் உண்மையாகும். நிஜமான கேமில் அப்படி இருப்பதே இல்லை. பாதி நேரம் அவை மெமரியிலிருந்து வர வேண்டியதற்காகக் காத்துக் கிடக்கும். மேலும், படம் வரைவதில் சில வேலைகள் யூனிட் எண்ணிக்கை கூடினால் வேகமாகும், சில வேலைகள் துடிப்பு கூடினால்தான் வேகமாகும். அதனால்தான் இரண்டிலும் வரும் ஒரே கேமை அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு கேமில் இது கொஞ்சம் முன்னால், இன்னொன்றில் அது கொஞ்சம் முன்னால் என்று வருகிறது. சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இந்த எண்ணில் சேராதவை வேறு நிறைய. கேமைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியிலிருந்து தகவல் வரும் வேகம் பிளேஸ்டேஷன் 5-இல் நொடிக்கு 5.5 கிகாபைட், சீரிஸ் எக்ஸில் 2.4. ப்ராசசர் கணக்கில் வராது. மெமரி கணக்கில் வராது. எங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயம்தான். 2023-இல் பால்டர்ஸ் கேட் 3 என்ற கேமுக்கு நடந்தது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த கதை. செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்துவிட்டது; எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் ஆகிவிட்டது. இடைஞ்சல் கொடுத்தது எக்ஸ்பாக்ஸ் குடும்பத்தின் சின்னப் பெட்டியான சீரிஸ் எஸ். அதில் மொத்த மெமரி 10 கிகாபைட்தான். பெரிய பெட்டியில் 16. ஒரே டிவியை இரண்டாகப் பிரித்து இருவர் விளையாடும் வசதியை அதற்குள் அடக்க முடியவில்லை. கடைசியில் சீரிஸ் எஸ்ஸில் மட்டும் அந்த வசதியை விட்டுவிட்டுத்தான் வெளியிட்டார்கள். கிராபிக்ஸ் சக்தி குறைந்தால் படத்தின் ரெசல்யூஷனைக் குறைத்துச் சமாளிக்கலாம். மெமரி பற்றாவிட்டால் எதைத் தூக்கி எறிவது என்று உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

இனி வரலாறு. 1989-இல் வந்த நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான கேம் பாயின் திரை 160-க்கு 144 புள்ளிகள், நாலே நாலு நிறச்சாயல்கள், பின்விளக்கு கிடையாது. அதே வருடம் அடாரி லிங்க்ஸ் வண்ணத் திரையோடு வந்தது. அடுத்த வருடம் ஜப்பானில் சேகாவின் கேம் கியரும் வண்ணத்தில் வந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் பரிதாபமாக இருக்கும். ஆனால் கேம் கியர் 6 பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும், கேம் பாய் 4 பேட்டரிகளில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும். அமெரிக்காவில் கேம் பாய் 89.99 டாலர், கேம் கியர் 149.99. அமெரிக்கப் பெட்டிக்குள் டெட்ரிஸ் வேறு இருந்தது. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. அதை வடிவமைத்த குன்பேய் யோகோய் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்: பழசாகி, விலை குறைந்து, குணம் குறை எல்லாம் தெரிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து அதில் யாரும் யோசிக்காத பயனைக் கண்டுபிடிப்பது. எங்கள் தொழிலில் இதைவிடப் பயனுள்ள யோசனையை நான் கேட்டதில்லை.

அடுத்தது 1996. நின்டெண்டோ 64 தன் பேரிலேயே சக்தியை, 64 பிட் என்று, எழுதிக்கொண்டு வந்தது. ஆனால் கேம்கள் கார்ட்ரிட்ஜில், நாம் 'கேசட்' என்று சொன்னோமே, அதில். மிகப் பெரிய கார்ட்ரிட்ஜே 64 மெகாபைட். சோனியின் முதல் பிளேஸ்டேஷன் பயன்படுத்திய சிடி ஒன்றில் சுமார் 650. தயாரிப்புச் செலவிலும் கார்ட்ரிட்ஜ் எங்கேயோ, சிடி எங்கேயோ. அதுவரை நின்டெண்டோவோடு இருந்த ஃபைனல் ஃபேன்டஸி கேம் வரிசை 1997-இல் ஏழாம் பாகத்தோடு 3 சிடிகளாகப் பிளேஸ்டேஷனுக்குப் போனது. முடிவில் பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது, நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடியில் நின்றது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: 1999-இல் ரெசிடென்ட் ஈவில் 2 என்ற கேமின் 2 சிடிகளையும் ஒரே 64 மெகாபைட் கார்ட்ரிட்ஜுக்குள், வீடியோக் காட்சிகள் உட்பட, அடைத்துக் காட்டினார்கள். போர்ட்டிங் செய்கிறவர்கள் இன்றும் கையெடுத்துக் கும்பிடும் வேலை அது. (நம் ஊர் வீடுகளில் அந்தக் காலத்தில் ஓடியது இதில் எதுவுமே இல்லை. 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் நகல்களைத்தான் 'டிவி கேம்' என்று வாங்கி, கேசட் மாற்றி மாற்றி மரியோவும் கான்ட்ராவும் ஆடிக்கொண்டிருந்தோம். சக்தி போதவில்லை என்று யாரும் குறைப்பட்டதாக ஞாபகம் இல்லை.)

2000-க்குப் பிறகும் கதை பெரிதாக மாறவில்லை. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸின் ப்ராசசர் 733 மெகாஹெர்ட்ஸ், மெமரி 64 மெகாபைட். பிளேஸ்டேஷன் 2-இல் 295-க்குக் கொஞ்சம் குறைவு, 32 மெகாபைட். விற்பனை? எக்ஸ்பாக்ஸ் சுமார் 2.4 கோடி, பிளேஸ்டேஷன் 2 பதினைந்தரைக் கோடிக்கும் மேல். 2006-இல் வந்த நின்டெண்டோவின் வீ, உயர்தெளிவுப் படமே காட்டாது. அது 10 கோடியைத் தாண்டியது.

பிளேஸ்டேஷன் 3-ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். என் கருத்து உருவானதே அதை வைத்துத்தான். அதற்குள் இருந்த செல் ப்ராசசரின் சக்தி விளம்பரப் பேச்சு கிடையாது. அதன் உறவுக்காரச் சிப்பை வைத்துத்தான் 2008-இல் அமெரிக்காவின் ரோட்ரன்னர் சூப்பர் கம்ப்யூட்டர் முதன்முதலாகப் பெட்டாஃப்ளாப் (ஆயிரம் டெராஃப்ளாப்) எல்லையைத் தாண்டியது. அமெரிக்க விமானப் படை 1,700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3-களைக் கோத்து 2010-இல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. அப்படிப்பட்ட சிப்பில் கேம் எழுதுவது எப்படி இருந்தது? ஒரு பொதுவான ப்ராசசர், அதைச் சுற்றிக் கேமுக்குக் கிடைக்கும் 6 துணை ப்ராசசர்கள். ஒவ்வொரு துணைக்கும் சொந்தமாக 256 கிலோபைட் இடம், அவ்வளவுதான். மெயின் மெமரியை அவை நேராகத் தொட முடியாது. கல்யாணச் சமையலுக்கு 6 கைதேர்ந்த சமையல்காரர்களைக் கூட்டிவந்து, ஆளுக்கு ஒரு முக்காலி அளவு மேசை கொடுத்து, "காய்கறியை நீங்கள் போய் எடுக்கக் கூடாது, ஒருவர் துண்டு துண்டாகக் கொண்டுவந்து வைப்பார்" என்று சொல்வது போல. கொண்டுவந்து வைக்கிறவருடைய வேலை புரோகிராமர் தலையில். அது ஒரு நொடி தாமதித்தால் ஆறு பேரும் கைகட்டி நிற்பார்கள். போதாக்குறைக்கு மெமரியும் 256, 256 மெகாபைட்டாக இரண்டு துண்டு. அதன் போட்டியான எக்ஸ்பாக்ஸ் 360-இலும் மொத்தம் அதே 512தான், ஆனால் ஒரே குளம். வேண்டிய பக்கம் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே காகிதத்தில் பலம் குறைந்த 360-இல்தான் அந்த வருடங்களில் இரண்டுக்கும் வந்த பல கேம்கள் நன்றாக ஓடின. செல்லின் முழு பலத்தையும் வெளியே கொண்டுவந்தவை சோனியின் சொந்த ஸ்டுடியோக்கள்; அவர்களுக்கும் பல வருடம் பிடித்தது.

அந்த அனுபவத்தைச் சோனி மறக்கவில்லை. பிளேஸ்டேஷன் 4-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2013-இல் ஒரு உரையில் ஓர் அளவுகோலைக் காட்டினார்: புது கன்சோல் கையில் கிடைத்த நாளிலிருந்து, ஒரு குழு அதில் உருப்படியாக வேலை தொடங்க எவ்வளவு காலம் ஆகிறது. முதல் பிளேஸ்டேஷனுக்கு 1 முதல் 2 மாதம். இரண்டாவதுக்கு 3 முதல் 6. மூன்றாவதுக்கு 6 முதல் 12. நாலாவதில் மறுபடி 1 முதல் 2 மாதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிளேஸ்டேஷன் 5-க்கு ஒரு மாதத்துக்கும் குறைவு என்று 2020-இல் சொன்னார். வாங்குகிறவர் காதுக்கு இந்தக் கணக்கு போவதே இல்லை. ஆனால் நீங்கள் விளையாடும் கேம் எவ்வளவு மெருகோடு வந்து சேரும் என்பதை டெராஃப்ளாப்பைவிட இதுதான் அதிகம் தீர்மானிக்கிறது என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்வேன். மெஷினோடு மல்லுக்கட்டுவதில் போன மாதங்கள் கேமுக்குத் திரும்பி வராது.

இப்போது என் வாதத்தின் ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். 2013-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு 1.84 டெராஃப்ளாப், எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 1.31. பலசாலிதான் ஜெயித்தது. ஆனால் அதன் விலை 399 டாலர், எக்ஸ்பாக்ஸ் ஒன் கினெக்ட் என்ற அசைவறியும் கேமராவோடு 499. சக்தி ஜெயித்ததா, 100 டாலர் ஜெயித்ததா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. 2017-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் 6 டெராஃப்ளாப்போடு வந்து, 4.2 உள்ள பிளேஸ்டேஷன் 4 ப்ரோவைச் சக்தியில் முந்தியது, விற்பனை வரிசை மாறவில்லை. பிளேஸ்டேஷன் 3-கூட கடைசியில் 8.7 கோடியைத் தொட்டது. எக்ஸ்பாக்ஸ் 360-க்குக் கிட்டத்தட்ட சமம். தொடக்கத்தில் 499, 599 டாலர் என்று வைத்த விலையைப் பல முறை குறைத்த பிறகு. இன்னொன்று: மொத்தமே ஒன்பது தலைமுறைகள். இவ்வளவு குறைந்த உதாரணங்களை வைத்துப் புள்ளிவிவர விதி எதையும் யாரும் நிறுவ முடியாது. சக்தி அதிகமாக இருப்பது தோல்விக்குக் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. சக்தி மட்டும் யாரையும் காப்பாற்றியதில்லை என்பதுதான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதற்குப் பிறகுதான் வருகிறது. சீரிஸ் எக்ஸும் பிளேஸ்டேஷன் 5-உம் இந்தியாவில் ஒரே விலையில்தான் அறிமுகமாயின, 49,990 ரூபாய். ஆக இந்த முறை விலையையும் காரணமாகச் சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் 2015-இலிருந்து கன்சோல் எண்ணிக்கையை வெளியிடுவதில்லை, எனவே இடைவெளியைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. சோனி 8 கோடியைத் தாண்டிவிட்டது, எக்ஸ்பாக்ஸ் வெகு பின்னால் இருக்கிறது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. எனக்குச் சரியென்று படும் விளக்கத்தை எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சரே 2023-இல் ஒரு பேட்டியில் சொன்னார்: தோற்கவே கூடாத (எக்ஸ்பாக்ஸ் ஒன்) தலைமுறையில் தோற்றுவிட்டோம், மக்கள் தங்கள் டிஜிட்டல் கேம்களைச் சேர்த்து வைத்தது அப்போதுதான் என்ற பொருளில். பிளேஸ்டேஷன் 4-இல் வாங்கிய கேம்கள் பெரும்பாலும் 5-இலும் ஓடும். நண்பர்கள் பட்டியலும் அப்படியே வரும். அதை விட்டுவிட்டு இரண்டு டெராஃப்ளாப்புக்காக யார் வீடு மாறுவார்கள்?

சக்தி குறைந்த பெட்டியில் விளையாட்டு கெட்டுவிடும் என்ற பயத்துக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் நல்ல மருந்து. 2017-இல் வந்த அதன் சிப் 2015-லேயே வேறொரு கருவியில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனாலும் டூம் கேமை அதில் கொண்டுவந்தார்கள். மற்ற கன்சோல்களில் நொடிக்கு 60 பிரேம் (திரையில் மாறும் படம்) ஓடியது அதில் 30 ஆனது, படம் மங்கலானது, அவ்வளவுதான். பேருந்தில் உட்கார்ந்து விளையாட முடிகிறதே என்று வாங்கினார்கள். ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது.

இங்கே என் இரண்டாவது வம்பான கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: 30 பிரேம் பாவம் கிடையாது. ஒழுங்கற்ற 60-ஐவிட ஒழுங்கான 30 கண்ணுக்கு இதமானது. 30-இல் ஒரு பிரேம் 33.3 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை வரும். அது தவறாமல் வந்தால் மூளை பழகிக்கொள்ளும். ஒன்று 16-இல், அடுத்தது 40-இல் என்று தத்தித் தத்தி வந்தால் சராசரி எவ்வளவு இருந்தாலும் எரிச்சல்தான். சண்டை கேம்களுக்கும் துப்பாக்கி கேம்களுக்கும் 60 வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. மெதுவாக நடந்து திரியும் கதை கேமுக்கு அதே அளவுகோலை வைக்க வேண்டாம். கையில் தெரியும் தாமதத்தைக் கன்சோல்மேல் போட்டுத் திட்டுகிறவர்களில் பலருடைய வீட்டில் குற்றவாளி டிவி. படத்தை அழகாக்குகிறேன் என்று டிவி உள்ளுக்குள் செய்யும் வேலைகள் தாமதத்தைக் கூட்டும். செட்டிங்ஸில் 'கேம் மோட்' என்று இருக்கும், அதைப் போடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் மேம்பாடு.

ரசிகர் கூட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வருவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: கேம் திக்கினால் உடனே "சோம்பேறி டெவலப்பர்கள், ஆப்டிமைஸ் செய்யவே இல்லை" என்று எழுதுவது. கம்ப்யூட்டர் கேம்களில் ஒரு புது இடத்துக்குள் நுழைந்ததும் சட்டென்று ஒரு திக்கல் வருமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். கன்சோலில் எல்லோரிடமும் ஒரே சிப் என்பதால் படம் வரையும் சின்னப் புரோகிராம்களை முன்கூட்டியே அந்தச் சிப்புக்கென்று மாற்றிக் கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டரில் யாரிடம் எந்தக் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது என்று தெரியாது. அந்த மாற்றம் உங்கள் மெஷினில்தான் நடந்தாக வேண்டும். விளையாட்டின் நடுவே நடந்தால் திக்கும். தவிர்க்க முடியும், ஆனால் திட்டமிட்டு நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது வெளியீட்டுத் தேதியைக் கையில் வைத்திருப்பவர், இரவு 2 மணிக்கு உட்கார்ந்து அதைச் சரிசெய்பவர் இல்லை. அரைகுறையாக வந்த கேமைத் திட்டுங்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், அதில் தப்பே இல்லை. யாரைத் திட்டுகிறோம் என்று மட்டும் தெரிந்து திட்டுங்கள். உங்கள் நண்பர்களின் எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் சண்டையோ இப்போது அர்த்தமே இழந்துகொண்டிருக்கிறது. 2024-இலிருந்து மைக்ரோசாஃப்டே தன் கேம்களைப் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவருகிறது. 2025-இல் ஃபோர்சா ஹொரைசன் 5-உம் வந்துவிட்டது.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு தாளில், அடுத்த இரண்டு வருடத்தில் நீங்கள் உண்மையாகவே விளையாடப்போகும் கேம்களை எழுதுங்கள். பத்து வராது, நாலைந்து வரும். அவை எதில் எல்லாம் கிடைக்கின்றன என்று பாருங்கள். உங்களோடு இரவில் ஆன்லைனில் சேர்ந்து ஆடப்போகிறவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் இதற்கே முதலிடம் கொடுங்கள். பெட்டியின் விலையோடு ஒரு வருடக் கேம் செலவையும் ஆன்லைன் சந்தாவையும் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் புதுக் கேம் ஒன்றே நாலாயிரம் ஐயாயிரம் என்று வருகிறது. விலை கொஞ்சம் கூடினாலும் டிஸ்க் டிரைவ் உள்ள மாடலையே எடுக்கச் சொல்வேன். முடித்த கேமை விற்கலாம், நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம், பழைய டிஸ்க்கைப் பாதி விலைக்கு வாங்கலாம். டிரைவ் இல்லாத பெட்டியில் கம்பெனியின் ஸ்டோர் சொல்வதுதான் விலை.